காத்திருக்கும் பக்கத்துக் கால்

என் அத்தானின் உள்ளங்காலில் ஒரு குண்டூசி முழுதாக இறங்கியிருந்ததை முதலில் பார்த்தது அக்காதான். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் மூச்சைப் பிடித்து வயிற்றை ஒளித்துக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஊசியின் தலை மட்டும் வெளியே மினுங்கியது. காலையில் ஏறியதா, முந்தின நாளா, அவருக்கே தெரியாது. தையற்காரர் வீட்டுத் தரையில் ஊசிக்கா பஞ்சம்?

அக்கா போட்ட கூச்சலில் நான் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தேன். நான் அவர்களோடுதான் இருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதைப் பற்றிப் பேச இது இடமில்லை.

“என்னங்க இது! வலிக்கவே இல்லையா உங்களுக்கு?”

“வலிச்சா கத்தியிருக்க மாட்டேனா? நீ கத்தறதுதான் வலிக்குது.”

சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்குக் கால் மரத்துப்போகும். குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தெரியாத புண் அழுகும், அழுகினால் வெட்டுவார்கள். அத்தான் பிழைப்பதே காலால்தான். முன்னறையில் தையல் மிஷின், அதன் கீழே பெடல். கால் போனால் கடை போகும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஊசியை எடுத்த கையோடு அக்கா கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புண் ஆறும்வரை அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. வாக்குக் கொடுத்த துணிகள் அப்படியே கிடந்தன, வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அன்றோடு அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் இனி யாருக்கும் காலைக் காட்டுவதில்லை. குளித்துவிட்டு வரும்போதே சாக்ஸோடு வருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. “மச்சினி கையால கால் பிடிக்க வைக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல” என்று என்னையும் விரட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரார் காலைப் பற்றிக் கவலைப்படுவதுதான் எனக்கு உத்தியோகம். நான் வேலை பார்ப்பது ஒரு சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில். புது மருந்து கண்டுபிடிக்கிற இடம் இல்லை அது. நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த காரியங்களை, ஆளும் இடமும் நேரமும் பற்றாத சாதாரண சுகாதார நிலையங்களில் எப்படிச் செய்ய வைப்பது, செய்தால் பலன் கிடைக்கிறதா என்று பார்க்கிற இடம். நான் களப்பொறுப்பாளர். நிலையம் நிலையமாகப் போய், சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்து வருவது என் வேலை. அத்தான் என்னைக் கூப்பிடுவதே “ஆராய்ச்சி” என்றுதான். “ஆராய்ச்சி, டீ ஆறிப்போச்சு, வந்து குடி.”

ஆய்வுகளை நடத்துகிற எங்கள் டாக்டர் மேடத்துக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் தராசு. எதைக் கேட்டாலும் “ஒரு பக்கம் பாத்தா” என்று ஆரம்பிப்பார். இன்னொரு பக்கம் வருவதற்குள் நமக்குப் பசித்துவிடும். ஆனால் நல்ல மனுஷி. காலைப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது, எந்த நிலையத்திலும் யாரும் பார்ப்பதில்லை, ஏன் என்று யோசித்தவர் அவர். டாக்டர் அறைக்குள் போனபிறகு ஷூவைக் கழற்று, சாக்ஸைக் கழற்று என்றால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆகவே காத்திருக்கும் பெஞ்சிலேயே எல்லோரும் கழற்றிவிடட்டும் என்றார் மேடம். நர்ஸ் ஒரு குட்டை முக்காலியை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போவார். உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்ப்பார், நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். அவ்வளவுதான். எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் வெட்கம் இல்லை என்பதுதான் அதிலிருந்த சூட்சுமம்.

இருபது நிலையங்களை எடுத்துக்கொண்டோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பத்து நிலையங்கள் முக்காலிப் பக்கம். மற்ற பத்தும் காத்திருக்கும் பக்கம். அவர்கள் எப்போதும் செய்வதையே செய்வார்கள். முடிவில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எந்தப் பக்கம் குறைவு என்று பார்ப்போம். குறைவு என்று தெரிந்தால் எல்லா நிலையத்துக்கும் முக்காலி. அப்படித்தான் சுகாதாரத் துறை வாக்குக் கொடுத்திருந்தது.

அத்தான் போகிற நிலையம் காத்திருக்கும் பக்கம் விழுந்தது.

“அதுக்கு உன்னால ஒண்ணும் பண்ண முடியாதா?” என்றாள் அக்கா.

“அது சீட்டு, அக்கா. யாரும் கை வைக்கக்கூடாது. வச்சா மொத்தமும் வீண்.”

“ஊருக்கெல்லாம் பாப்பீங்க. வீட்டுல ஒருத்தர் ஊசியோட நடந்தா அது கண்ணுக்குத் தெரியாது.”

சீட்டைக் குலுக்கியது எங்கள் புள்ளியியல்காரர். அவருக்குக் கறார் என்று பெயர். தன் பிறந்தநாள் கேக்கையே அளவுகோல் வைத்து வெட்டியவர். அவரிடம் போய் ஒரு சீட்டை மாற்று என்று சொல்வதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் தாண்டியபின், காத்திருக்கும் பக்கத்து நிலையங்களை ஒரு சுற்றுப் பார்த்துவரப் போனேன். முதலில் போனது அத்தானுடைய நிலையம். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது பெஞ்சுக்கு அடியில் வரிசையாக நின்ற ஷூக்கள்தான். நர்ஸக்கா ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சலூன் கண்ணாடி ஒன்றை ஒரு பெரியவரின் காலடியில் பிடித்திருந்தார். பெஞ்சின் கோடியில் என் அத்தான், பேண்ட்டை மடித்துவிட்டு, வெறுங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாக்ஸ் மாற்றுகிற அதே மனிதர்!

“வா வா ஆராய்ச்சி!” என்று கையை உயர்த்தினார். “இந்த முக்காலிக்கு மெத்தை தச்சுக் குடுத்தது யாருன்னு நெனக்கிறே?”

நர்ஸக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. “மருந்து வண்டி டிரைவர் சொன்னாருங்க. அந்தப் பக்கத்து கிளினிக்ல இப்படிப் பண்றாங்கன்னு. நல்லாயிருக்கேன்னு நாங்களும் ஆரம்பிச்சுட்டோம். போன மாசம் மூணு புண்ணு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சேன். உங்க அத்தானுக்கே குதிகால்ல ஒரு வெடிப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டிய கேஸ்.”

அந்த டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. மருந்துப் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் செய்தியை இறக்கிவிடுகிற ஆள். அவர் போகாத நிலையம் கிடையாது. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நர்ஸைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. ஓடிப்போய்க் கறாரிடம் ஆய்வு ஓட்டையாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? நர்ஸக்காவிடம் “நல்லா பண்றீங்க” என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்றைக்கே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். மற்ற நிலையங்களையும் போய்ப் பார்த்தோம். காத்திருக்கும் பக்கத்துப் பத்தில் ஏழில் முக்காலி வந்திருந்தது. ஓரிடத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், இன்னொரு இடத்தில் பழைய ரேடியோப் பெட்டி. ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் செய்கிறோம், ஒரு சின்ன நல்ல காரியம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் கறார்தான் முதலில் பேசினார்.

“ரெண்டு பக்கமும் ஒரே காரியம் பண்ணினா வித்தியாசம் எங்கேருந்து வரும்? ஒண்ணு, இந்த ஏழு பேரையும் நிறுத்தச் சொல்லணும். இல்லேன்னா கடைசியில பலன் இல்லைன்னுதான் எழுதணும்.”

“நல்லது பண்றத நிறுத்துங்கன்னு நான் எழுதித் தரணுமா?” என்றார் மேடம். “அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் ஒரே பக்கம் பார்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

“யார் யார் நெஜமாவே பண்ணினாங்களோ அவங்கள ஒரு பக்கமா வச்சு எண்ணக்கூடாதா?” என்று நான் கேட்டேன். “பண்ணின பதினேழு, பண்ணாத மூணு.”

கறார் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “தானா ஆரம்பிச்ச ஏழு கிளினிக்கும் ஏற்கெனவே ஆர்வமான கிளினிக்மா. அங்க முக்காலி இல்லாட்டியும் புண்ணு கொஞ்சம் குறைவாத்தான் இருந்திருக்கும். அத வச்சு முக்காலிதான் காப்பாத்துச்சுன்னு சொன்னா, நாம நம்மளையே ஏமாத்திக்கிறோம். சீட்டு எதுக்குக் குலுக்கினோம்?”

சரி, பழைய வருடங்களோடு ஒப்பிடலாமே என்று மேடம் கேட்டார். புண்ணோடு போகிறவர்கள் இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி குறைந்திருந்தார்கள். ஆனால் அதே வருடம்தான் துறை எல்லா நோயாளிகளுக்கும் மெத்தென்ற செருப்பு இலவசமாகக் கொடுத்திருந்தது. குறைத்தது செருப்பா, முக்காலியா? கறார் கையை விரித்தார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்கூடத் தப்பாகப் படவில்லை. மேடம் சொன்னதும் அப்படித்தான். சரியான இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப்போல ஒரு நரகம் கிடையாது.

ஏழு நிலையங்களையும் அப்படியே விட்டோம். ஆய்வு முடிந்தது. முடிவைச் சொல்லத் துறை இயக்குநரின் அறைக்குப் போனபோது நான் மேடத்தின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம், நர்ஸ்கள் போதவில்லை, வெளியே இன்னும் மூன்று கூட்டத்தார் காத்திருந்தார்கள். மேடம் செய்தி கசிந்ததை விளக்க ஆரம்பித்தார்.

“டாக்டர், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முக்காலி வச்ச இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா?” என்று இடைமறித்தார் இயக்குநர்.

“ஒரு பக்கம் பாத்தா…”

“உண்டா, இல்லையா?”

மேடம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம். நான் அந்த நிமிடம் மனதுக்குள் அவர் காலில் விழுந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன், சொல்லுங்கள், உண்டு என்று சொல்லித் தொலையுங்கள் என்று. “இல்லை” என்றார் அவர்.

சுற்றறிக்கை வந்தது. கால் பார்ப்பதால் வித்தியாசம் இல்லை என்று ஆய்வில் தெரிந்துவிட்டதால், நர்ஸ்களின் நேரத்தைக் காய்ச்சல் வரிசைக்குத் திருப்ப வேண்டும். பதினேழு நிலையத்திலும் முக்காலி ஓரங்கட்டப்பட்டது. எங்கள் நர்ஸக்காவைக் காய்ச்சல் அறைக்கு மாற்றினார்கள். பெஞ்சில் எல்லோரும் மறுபடியும் ஷூவோடு உட்கார்ந்தார்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டார். ஏன் நிறுத்தினார்கள், எங்கே தப்பு என்று துருவித் துருவிக் கேட்டார். மனிதருக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் திருப்தி. பழைய கோட்டைக்கூடத் தையல் பிரித்து உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். நானும் விளக்கமாகச் சொன்னேன். இரண்டு பக்கம் ஏன் வேண்டும், கசிந்தால் என்ன ஆகும், எல்லோர் காலும் நன்றாக இருந்ததாலேயே முக்காலியின் பலன் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போனது எல்லாம்.

“அப்போ நாங்க நல்லா இருந்ததுதான் தப்பா?” என்றார்.

“தப்புன்னு இல்ல அத்தான்…”

“புரியுது, புரியுது.” மிஷினில் நூல் கோத்தார். “எவ்வளவு அழகா மெத்தை தச்சேன் அதுக்கு.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு சட்டைப் பொத்தான் அவருடைய இடது ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதன் மேலேயே எத்தனை நாள் நடந்தார் என்று தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அக்கா பிடித்து உட்கார வைத்து சாக்ஸைக் கழற்றினாள். கழற்ற வரவில்லை, வெட்டித்தான் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஐந்து விரலோடு முன்பாதத்தையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், “பாதிக் காலுக்குப் பாதி விலையில ஷூ குடுப்பாங்களா?” என்று கேட்டார். நர்ஸ்கள் சிரித்தார்கள். அக்கா வெளியே போய்விட்டாள். நான் அந்த அறையில் நின்றுகொண்டு, வெட்டினவரைத் திட்டவா, இயக்குநரைத் திட்டவா, மேடத்தைத் திட்டவா என்று ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ஆத்திரப்பட ஒரு ஆள்கூட அகப்படவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

நல்லவேளையாகப் பெடலை மிதிக்கிறது வலது கால். தடி ஊன்றிக்கொண்டு மிஷினுக்குப் போய்வரப் பழகிவிட்டார். இனி மிச்சம் இருப்பது அந்த ஒரு கால்தான். அதுவும் மரத்துப்போன கால்.

மேடம் சும்மா இருக்கவில்லை. அத்தான் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் இயக்குநரின் வாசலிலேயே தவம் கிடந்தார். கடைசியில் சம்மதம் கிடைத்தது. இன்னொரு முறை, ஒழுங்காகச் செய்து காட்டுங்கள், வித்தியாசம் தெரிந்தால் எல்லா இடத்துக்கும் நர்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒழுங்காக என்றால், கசியாமல். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மருந்து வண்டி, தனித்தனி டிரைவர். ரேடியோவை ஒரே பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். காத்திருக்கும் பக்கத்து நிலையங்கள் எதையும் தானாக ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு? எனக்குத்தான். வேறு யாருக்கு?

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேறொருத்தி அதைச் செய்வாள். அல்லது ஆய்வு நடக்காது, முக்காலி எங்கேயும் வராது. சரி என்றேன்.

சீட்டுக் குலுக்கும்போது நானும் இருந்தேன். கறார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அத்தானுடைய நிலையத்தின் பெயர் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

“காத்திருக்கும் பக்கம்” என்று மெதுவாகப் படித்தார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே மேடத்தின் அறைக்குப் போனேன். “மேடம், அத்தானோட கிளினிக் மறுபடியும் காத்திருக்கிற பக்கம். ஆய்விலேருந்து அவர எடுத்துடலாமா? வீட்டுல நானே அவர் காலப் பாத்துக்கறேன்.” ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று எதுவும் வரவில்லை. “இன்னிக்கே எடுத்துடலாம். போய் அவர் காலப் பாரு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர் வைத்து, துண்டு எடுத்து, முன்னறைத் தரையில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்தேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் நின்றாள்.

“அத்தான், வெக்கமெல்லாம் போதும். வலது காலக் காட்டுங்க. இனிமே வாராவாரம் நான்தான் பாக்கப்போறேன். மேடமே சொல்லிட்டாங்க.”

அவர் சாக்ஸ் போட்ட காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“பாக்க வேண்டாம். நான் அதுல இருக்கேன்.”

“எதுல?”

“உங்க ஆராய்ச்சில. வெள்ளிக்கிழமை கிளினிக்ல புது நர்ஸு கேட்டாங்க, உங்க விவரத்த எடுத்துக்கலாமான்னு. சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அதெல்லாம் இனி செல்லாது அத்தான். உங்கள எடுத்தாச்சு.”

“திரும்பச் சேத்துக்கச் சொல்லு.”

விளையாடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடும்போது மீசையின் ஒரு ஓரம் மேலே போகும். போகவில்லை.

“போன தடவை ஏன் தோத்துப்போச்சு? நீதானே சொன்னே. எங்க பெஞ்சுல எல்லாருக்கும் கால் நல்லா இருந்துது. அதனால வித்தியாசம் வரல. வரலன்னு நிறுத்தினாங்க. நிறுத்தினதுல என் கால் போச்சு. இந்தத் தடவையும் ஆளாளுக்கு வீட்டுல ரகசியமாப் பாத்துக்கிட்டா மறுபடியும் அதேதானே? எங்க பெஞ்சுல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? அவங்க வீட்டுல ஆராய்ச்சி பண்ற மச்சினி யாரும் இல்ல.”

“இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. “இருக்கிறது ஒரு காலுங்க. ஒரே ஒரு காலு.”

“வீட்டுல பாத்துக்கறத யாரும் தடுக்கல அத்தான். ஆய்வுக்காக யாரும் தன்னக் கவனிக்காம விடக்கூடாது. அது எங்க விதியிலயே இருக்கு.”

“தடுக்கலதான். நான்தான் வேண்டாங்கறேன்.”

“ஒருத்தர் காலால கணக்கு மாறாது. ஆயிரக்கணக்கான பேர எண்றோம். நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

அவர் காலரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ஒரு துணி ஏன் அப்படி விழுகிறது என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்கிற முகம்.

“அன்னிக்கும் ஒவ்வொரு நர்ஸும் அப்படித்தானே நெனச்சாங்க? நம்ம ஒரு கிளினிக்கால என்ன ஆகப்போகுதுன்னு.”

“நீ சொல்லுடி” என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அவரு சொல்றது தப்புன்னு சொல்லு. நீதானே படிச்சவ. தப்புன்னு சொல்லு!”

நான் வாயைத் திறந்தேன். ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும் எனக்கு. படித்ததையெல்லாம் துழாவினேன், கறாரின் குரலில் யோசித்துப் பார்த்தேன், மேடத்தின் குரலில் யோசித்துப் பார்த்தேன். உங்கள் கால் எனக்கு வேண்டும் அத்தான், அது மட்டும்தான் வந்தது. அதைச் சொன்னேன்.

“எனக்கும் வேணும்” என்றார் அவர். “பாக்கலாம்.”

குனிந்து வலது காலில் ஷூவை மாட்டிக்கொண்டார். கயிற்றை இழுத்து இழுத்து முடிந்தார். எவ்வளவு இறுக்கம் என்று காலுக்குத் தெரியாது, ஆகவே கழன்றுவிடக்கூடாது என்று எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே இழுப்பார். பிறகு தடியை ஊன்றி எழுந்து மிஷினுக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா அடுக்களைக்குப் போய்விட்டாள். பெடல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கயிறு அளவுக்கு மேல் இறுகியிருப்பது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அதையாவது சொல்லலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.